நான்கன் உருபும் பொருட்குறியீடும்

முன்னுரை

வேற்றுமையுருபு ஒன்றற்குப் பொருள் எத்தனை என்னும் வினா, தமிழிலக்கண ஆசிரியர்க்கு மிகப் பழையது. கணினிவழித் தமிழாய்வில் புகுந்துள்ள இளைய ஆய்வாளர்க்கோ புதியது. பழைய வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடையையும், ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பற்றி மேலைநாட்டார் அண்மையிற் கண்ட விடையையும் ஒருங்கு வைத்து நோக்கி, நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' என்பதன் பொருளைப் பாகுபடுத்தும் நெறி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரைச் சேர்ந்த முதுகலை மாணவர் ஒருவர், தாம் பொருட்குறியிட்ட தாள் ஒன்றை எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். பொருட்குறியிடல் என்பது, ஓர் உரைத்தொகுதியில் வரும் சொல்லும் உருபும் அவ்வவ்விடத்தில் என்ன பொருள் தருகின்றன என்பதை, முன்னரே வகுத்த பட்டியல் ஒன்றினின்று தேர்ந்து, ஒவ்வொன்றன் பக்கத்தும் எழுதுவதாகும். அதனைக் கண்டு கணினி கற்கும். ஆய்வாளர் எண்ணிக் கணக்கிடுவர். அம்மாணவர் தம் ஊர்ப்பேச்சில் வழங்கும் தொடர்களையே எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுள் எட்டு வருமாறு:

1. கம்பைநல்லூருக்குப் பேருந்து இருக்கிறது.
2. குழந்தைக்கு மருந்து வாங்கினார்.
3. காய்ச்சலுக்கு மருந்து வாங்கினார்.
4. அம்மாவுக்குத் தலைவலி.
5. காலை ஆறு மணிக்கு வந்தார்.
6. தருமபுரிக்குக் கிழக்கே கம்பைநல்லூர் உள்ளது.
7. மூட்டைக்கு இருபது ரூபாய் கூலி.
8. அவர் என் தம்பிக்கு மூத்தவர்.

மாணவர் செய்தது இது: ஒவ்வொரு தொடரையும் முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அங்கே வந்த முன்னிடைச்சொல்லுக்கு ஆங்கிலப் பட்டியலில் என்ன பொருட்பெயர் உண்டோ அதனைத் தமிழுருபின் பக்கத்தில் எழுதினார். முதல் தொடரில் 'டு' வந்தது; அடுத்த இரண்டில் 'ஃபார்'; ஐந்தாவதில் 'அட்'; ஆறாவதில் 'ஆஃப்'; ஏழாவதில் 'பெர்'; எட்டாவதில் ஒப்புமைச் சொல் ஒன்று. நான்காவதில் ஆங்கிலம் அத்தாயை எழுவாயாக்கித் தலைவலியை அவள் உடைமையாக்கிக் கூறுமாதலின், முன்னிடைச்சொல் எதுவும் வரவில்லை. எனவே அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஒரே உருபு ஆறு பெட்டிகளிற் சிதறியது. ஏழாவதாக ஒன்று பெட்டியே இன்றி நின்றது. "அம்மாவுக்கு என்பதிலுள்ள குவ்வுக்குப் பொருளே இல்லையா?" என்று அவர் வினவினார். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆங்கில முன்னிடைச்சொல் ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல்லின் பொருளை நுணுகி வகுக்கும் முயற்சிகளுள் பலராலும் பேசப்பெற்றது, 'ஓவர்' என்னும் சொல்லைப் பற்றியதாகும். 1981இல் கிளாடியா புருக்மன் அதனைத் தம் ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொண்டார். 1987இல் சார்சு லேக்காஃப் அதனை மேலும் விரித்தார். மேலே நிற்றல், மேலே கடத்தல், தொட்டுக் கடத்தல், தொடாது கடத்தல், மூடுதல் எனப் பொருள்கள் கிளைத்துப் பெருகின. கடக்கப்படும் பொருள் உயர்ந்து நிற்பதா, பரந்து கிடப்பதா என்பதுங்கூட வேறு பொருளாக எண்ணப்பட்டது.

இப்பெருக்கத்தை ஆந்திரேயா டைலரும் விவியன் எவன்சும் மறுத்தனர். பூனை சுவர்மேல் தாண்டிற்று என்பதில் தாண்டும் வழி 'தாண்டு' என்னும் வினையாற் பெறப்படுவது. அதனை முன்னிடைச்சொல்லின் தனிப்பொருளாக எண்ணுதல் தகாது என்பது அவர்தம் கருத்தின் சாரம். 2003இல் வெளிவந்த அவர்களது நூல் இவ்வரையறையை ஏனைய முன்னிடைச்சொற்களுக்கும் விரித்தது. அண்டைச்சொல்லின் பொருளை உருபின் தலையில் ஏற்றுதல் என்னும் இக்குற்றமே எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

கணினித் துறையினர் வேறு வழியிற் சென்றனர். கென் லிட்கோவ்சுக்கியும் ஒரின் ஆர்கிரேவ்சும் 2005இல் அறிவித்த திட்டம், அகராதிப் பொருள்களை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் தனித்தனிப் பட்டியல் வகுத்தது. 2007இல் நிகழ்ந்த பொருளாய்வுப் போட்டி ஒன்றில் 34 முன்னிடைச்சொற்கள் அவ்வகையில் ஆராயப்பெற்றன. சொல்லுக்கொரு பட்டியல் என்னும் இம்முறையில் ஒரு சொல்லின் பொருளை மற்றொரு சொல்லின் பொருளோடு ஒப்பிடல் அரிது. ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்பிடலோ அதனினும் அரிது. இக்குறை நீங்க, 2018இல் நாதன் ஷ்னைடரும் அவருடன் உழைத்தோரும் எல்லா முன்னிடைச்சொற்களுக்கும் உடைமையுருபுக்கும் பொதுவாக 50 பொருட்பெயர்களைக் கொண்ட திட்டம் ஒன்றை வெளியிட்டனர். சூழல், பங்கேற்போர், அமைப்பு என்னும் மூன்று கிளைகளாக அது விரியும். கொரிய மொழி, சீனம், செருமானியம், இந்தி, குசராத்தி ஆகியவற்றிலும் இத்திட்டம் கையாளப்பட்டுள்ளது. இந்தியில் அதற்கு எடுத்துக்கொண்ட உரை 'குட்டி இளவரசன்' கதையின் மொழிபெயர்ப்பாகும்.

இத்திட்டத்தின் சிறந்த கூறு அதன் எண்ணிக்கையன்று. 2017இல் அக்குழுவினர் முன்வைத்த இரட்டைக் குறியீடே ஆகும். ஓரிடத்துக்கு ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும் என்பர் அவர். ஒன்று, நிகழ்ச்சியில் அப்பெயர்ச்சொல் பெறும் பாங்கு. மற்றொன்று, உருபு தன்னளவிற் காட்டும் பொருள். 'வங்கியில் வேலை பார்க்கிறார்' என்பதனை நோக்குக. 'இல்' என்பது இடத்தைக் காட்டுகின்றது. ஆயின் வங்கிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு வேலை தருவோர்க்கும் செய்வோர்க்கும் உள்ள தொடர்பாகும். வீட்டிலிருந்தே பணி செய்வாரும் வங்கியில் வேலை பார்ப்பவரே. எனவே பாங்கு வேறு, உருபு காட்டும் பொருள் வேறு.

தமிழிலக்கண மரபு

இனி, நம் இலக்கணங்களின்பாற் செல்வோம். தொல்காப்பியர் வேற்றுமையியலில் இரண்டாம் வேற்றுமைக்குக் காப்பு, ஒப்பு, ஊர்தி முதலாகச் சிதைப்பு ஈறாக 28 பொருள்களை எண்ணுகின்றார். இவற்றை நோக்குவார்க்கு ஒன்று எளிதிற் புலனாகும். அறுத்தல், குறைத்தல், தொகுத்தல், பிரித்தல் என்பன வினைகளின் வகைகளே. 'ஐ' என்னும் உருபின் பொருள்கள் அல்ல. மரத்தை அறுத்தான், மரத்தைக் காத்தான் என்னும் இரண்டிலும் 'ஐ' ஒன்றே, வினைகளே மாறுபட்டவை. பவணந்தியார் இப்பட்டியலை ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என ஆறாகச் சுருக்கி, 'ஆதி' என்று முடித்தார். இச்சுருக்கம் சோம்பலால் விளைந்ததன்று. தனி வினைகளினின்று வினை வகைகளுக்கு ஏறிய பொதுமையாக்கம் அது.

நான்காம் வேற்றுமையிலும் இந்நிலையே காணலாம். தொல்காப்பியர் முதற்கண், எதனையும் ஏற்கும் நிலையை இவ்வேற்றுமையின் பொதுப்பொருளாக வைத்தார். பின்னர் அதற்கு வினையுடைமை, உடம்படுதல், படுபொருள், அதுவாதல், யாப்புடைமை, பொருட்டாதல், நட்பு, பகை, காதல், சிறப்பு எனப் பத்துச் சிறப்புப் பொருள்களை அடுக்கினார். நன்னூலார் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என ஏழாக்கி, 'ஆதி' கூட்டி, இவை அனைத்தையும் 'இதற்கு இது' என்னும் ஒரு தொடர்பில் அடக்கினார். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தான் என்பது கொடை. கம்பைநல்லூர்ப் பக்கத்துக் களிக்குக் கேழ்வரகு என்பது அதுவாதல். கேழ்வரகே களியாக மாறுகின்றது. இரண்டிலும் 'இதற்கு இது' என்பது நிற்கின்றது. கொடுத்தலும் மாறுதலும் ஏனைய சொற்களால் வருகின்றன.

இவ்விடத்து ஆராய்வார் பலர் விரைந்து கடந்துசெல்லும் ஒன்று உண்டு. நட்பும் பகையும் ஒரே வேற்றுமையின் பொருள்களாக அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஓருருபு தன்னளவில் நட்பையும் அதன் மறுதலையாகிய பகையையும் பொருளாகக் கொண்டிருத்தல் இயலாது. ஆகவே, அவ்விரண்டும் உருபின்கண் இல்லை. உருபு இணைக்கும் சொற்களின்கண் உள்ளன. உருபுக்கு உரியது 'இதற்கு இது' என்னும் நோக்குநிலை மட்டுமே. மாணவரின் இரண்டாம் மூன்றாம் தொடர்கள் இதனை நன்கு விளக்கும். குழந்தைக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து என்பவற்றில் உருபும் ஒன்று; மருந்தும் ஒன்று; வாங்கியவரும் ஒருவரே. ஆயினும் முன்னது குழந்தை வாழ. பின்னது காய்ச்சல் ஒழிய. ஆங்கில 'ஃபார்' என்பதும் இவ்விரண்டிடத்தும் வேறுபாடின்றி வருமாதலின், இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. உருபையும் அண்டைச்சொல்லையும் பிரித்தறியாத பட்டியல் எம்மொழியிலும் இடர்ப்படும்.

ஏழாம் வேற்றுமையிலும் இதே சிக்கல் உரையாசிரியரிடையே வேற்றுமையை விளைத்தது. கண், கால், புறம், அகம் முதலாகத் தொல்காப்பியர் எண்ணிய 19 சொற்களும் உருபுகளா, இடப்பொருளின் வேறுபாடுகளா என்பதே அவ்வினா. அவற்றை உருபெனக் கொண்ட கருத்தைச் சேனாவரையர் மறுத்து, இடப்பொருளின் வகைகளாகக் கொண்டார். நன்னூலாரோ 28 சொற்களை இடப்பொருள் உருபுகளாகவே எண்ணினார். உருபு எது, பொருள் எது என்னும் எல்லையை முதலில் வகுக்காமல் எண்ணிக்கையைப் பேசுதல் பயனின்று என்பதற்கு இவ்வேற்றுமையே சான்றாகும்.

வேற்றுமை மயக்கம்

மேலே கூறிய இரட்டைக் குறியீட்டுக்கு ஒத்த கருத்து நம் மரபில் உண்டா எனின், உண்டு என்பதே எம் விடை. தொல்காப்பியர் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலையே வகுத்தார். ஒரு தொடர் எவ்வுருபு கொண்டு வரினும், பொருள் எவ்வேற்றுமைக்கு உரியதோ அவ்வேற்றுமையின்பாற் படும் என்பது அவ்வியலின் கருத்துகளுள் ஒன்று. உருபு ஒருபால், பொருள் மற்றொருபால் நிற்கலாம் என்று ஏற்று, இரண்டையும் வேறுவேறாகக் குறிக்கும் நெறி இது.

அவ்வியலிலேயே, நான்கன் உருபு ஏனை வேற்றுமைகளின் பொருளில் வரும் இடங்களைத் தொகுத்துக் கூறுகின்றார். எல்லை குறித்தல், பண்பில் ஒருவரை ஒருவரின் மிகுத்துக் கூறல், காலம் உணர்த்தல், முறைப்பெயர், ஒன்றனின் நீங்குதல் முதலியன அங்கே இடம்பெறுகின்றன. மாணவரின் தாளிலுள்ள ஐந்தாம், ஆறாம், எட்டாம் தொடர்கள் இவற்றுள் அடங்கும். எல்லைப் பொருளுக்கு உரைகாரர் கருவூரைக் காட்டுவர். அவ்விடத்தில் இம்மாணவர் தருமபுரியை வைத்துள்ளார்.

ஆறாம் தொடரைச் சிறிது விரித்து நோக்குவோம். 'தருமபுரியின் கிழக்கே' என்றும் 'தருமபுரிக்குக் கிழக்கே' என்றும் கூறலாம். இரண்டும் எல்லையே. ஆயினும் இன்றைய வழக்கில் 'இன்' உருபு ஊரின் உட்பட்ட கிழக்குப் பகுதியையும் ஊருக்குப் புறம்பான கிழக்கையும் குறிக்கும். 'கு' உருபோ புறம்பானதையே குறிக்கும். இதனால், பாங்கு ஒன்றாயிருக்கும்போதும் உருபு தன் பொருளை முற்றும் இழந்துவிடுவதில்லை என்பது போதரும். ஒன்றை எதிர்நோக்கி மற்றொன்றை நிறுத்துதலாகிய 'இதற்கு இது' ஈண்டும் உள்ளது. ஒரே பெயரால் இத்தொடரைக் குறியிடின் இவ்வேறுபாடு மறையும். இரு பெயர் இடின் நிலைக்கும்.

இரு சோதனைகள்

உருபின் பொருளையும் அண்டைச்சொல்லின் பொருளையும் பிரித்தறிய இரு சோதனைகளை யாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, நீக்கற் சோதனை. 'கம்பைநல்லூருக்குச் சென்றான்' என்பதில் உருபை நீக்கிக் 'கம்பைநல்லூர் சென்றான்' எனினும் சேர்விடப் பொருள் கெடுவதில்லை. ஆகவே அப்பொருளைப் பெரிதும் தாங்குவது வினை. 'கம்பைநல்லூருக்குப் பேருந்து இருக்கிறது' என்பதிலோ செலவுப் பொருளுடைய வினை இல்லை. உருபை நீக்கிக் 'கம்பைநல்லூர்ப் பேருந்து' எனின், அவ்வூர்க்கு உரிய பேருந்து, அவ்வூரினின்று வரும் பேருந்து எனவும் பொருள்படும். ஈண்டுச் சேர்விடப் பொருளைத் தாங்குவது உருபே. ஒரே பொருட்பெயர் பெறும் இவ்விரு தொடர்களிலும் உருபு ஆற்றும் பணி வேறு என்பது இதனால் விளங்கும். தொல்காப்பியர் செலவை இரண்டாம் வேற்றுமைப் பட்டியலில் வைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சேர்விடத்துக்குக் குவ்வுருபே பெருவரவினதாகிய இன்றைய வழக்கை அப்பட்டியல் கொண்டு அளத்தல் ஆகாது.

இரண்டாவது, மாற்றுச் சோதனை. 'கு' நின்ற இடத்தில் 'காக' என்பதனை வைத்துப் பார்க்க. குழந்தைக்காக மருந்து வாங்கினார் என்பது இயலும்; காய்ச்சலுக்காக என்பதும் இயலும். ஆறு மணிக்காக வந்தார், தருமபுரிக்காகக் கிழக்கே, அம்மாவுக்காகத் தலைவலி என்பன அப்பொருளில் இயலா. எனவே பொருட்டுப் பொருளும், காலம், எல்லை, நுகர்ச்சி என்பனவும் வேறு வேறு குழுக்கள் என்பது மொழியின் உள்ளிருந்தே தெளிவாகின்றது. இத்தெளிவுக்கு ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டுவதில்லை.

இனி, மாணவர் வெறுமையாக விட்ட நான்காம் தொடருக்கு வருவோம். அம்மாவுக்குத் தலைவலி, எனக்குப் பசிக்கிறது, அவருக்குத் தெரியும் என்பன தமிழில் மிகுதியாக வழங்குபவை. இவற்றில் நான்காம் வேற்றுமைப் பெயர் எதனையும் செய்வதில்லை, பெறுவதும் இல்லை, ஓர் உணர்வுக்கோ அறிவுக்கோ நிலைக்களமாகின்றது. ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார், பாணினியின் காரக நெறியைத் தழுவி வகுத்த குறியீட்டில், கொடை பெறுவோனாகிய நான்காம் காரகத்தின் பக்கத்திலேயே நுகர்வோனுக்கு ஒரு துணைக்குறி தந்துள்ளனர். ஆங்கிலத் திட்டத்திலும் நுகர்வோன் என்னும் பெயர் உண்டு. ஆகவே குறை பட்டியலில் இல்லை. பட்டியலை அடையும் வழியிலேயே உள்ளது. முன்னிடைச்சொல்லைத் தேடிச் சென்றமையால் மாணவர்க்கு அப்பெயர் கிட்டவில்லை. உருபைக் கொண்டு தொடங்கியிருப்பின், பாங்கு நுகர்வோன், உருபின் பொருள் 'இதற்கு இது' என இரு பெயரும் எளிதில் அமைந்திருக்கும்.

தடைகளும் விடைகளும்

அற்றேல், எல்லாம் தொல்காப்பியத்திலேயே உள்ளன. பிறர் திட்டம் எற்றுக்கு எனின், அது பொருந்தாது. மூட்டைக்கு இருபது ரூபாய் என்னும் வீதப் பொருளுக்கும், தலைவலி முதலிய நுகர்ச்சிப் பொருளுக்கும் அப்பத்தனுள் தனிப்பெயர் இல்லை. 'அன்ன பிறவும்' என்பதனுள் அடங்கும் என்று கூறி அமைதல் இலக்கண உரைக்குப் போதுமானதாகலாம். எண்ணிக் கணக்கிடும் ஆய்வுக்குப் போதாது. முன்னோர் நூலில் விதை உண்டு என்பதனைக் காட்டுதலே நம் கடன். மரமும் கனியும் உண்டு எனக் கூறுதல் முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது.

ஆங்கிலத் திட்டத்தின் 50 பெயர்களை அப்படியே ஏற்றால் என்ன எனின், பாங்கின் பெயர்களைப் பெரும்பாலும் ஏற்கலாம். பெறுவோன், காலம், நோக்கம் என்பன மொழிதோறும் உள்ளவை. உருபின் பொருளைக் குறிக்கும் இரண்டாம் பெயரை மட்டும் அயல்மொழியினின்று கடன் கொள்ளலாகாது. அது அவ்வம்மொழியின் உருபமைப்பிலிருந்தே பெறப்படல் வேண்டும்.

பேருரைத்தொகுதிகளைப் படித்துக் கணினியே மொழியைக் கற்கும் இந்நாளில் இத்தகைய குறியீடு வேண்டுவதில்லை என்பாரும் உளர். கற்றது சரியா என அறிய ஓர் அளவுகோல் வேண்டும் அன்றோ? காய்ச்சலுக்கு மருந்து, குழந்தைக்கு மருந்து என்பவற்றின் வேறுபாட்டைக் கணினி உணர்ந்ததா என்று சோதிக்க, அவ்வேறுபாட்டை நாம் முதலில் வகுத்திருத்தல் வேண்டும். பிராகு நகரத்துச் சார்லசுப் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி முதலியோர் உருவாக்கிய தமிழ்த் தொடரமைப்புத் தொகுதி 600 தொடர்களை உடையது. அதில் ஒரு சொல் நான்காம் வேற்றுமை ஏற்றது என்னும் குறிப்பு உண்டு. அவ்வேற்றுமையின் பொருளை வகைப்படுத்தும் பட்டியல் அதில் இல்லை. அப்பணி தமிழ்த்துறைகளின் முன் நிற்கின்றது. நாம் செய்யாதுவிடின், தமிழறியாதார் ஆங்கிலப் பெயர்ப்பைக் கொண்டு செய்வர்; அம்மாவின் தலைவலிக்கு இடமில்லாத பட்டியலே பின்னர் நமக்குப் பாடமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும்.

ஒன்று: உருபின் பொருள் எத்தனை என்று வினவுதற்கு முன், எப்பொருள் உருபுக்கு உரியது, எப்பொருள் அண்டைச்சொல்லுக்கு உரியது என்று வினவுதல் வேண்டும்.

இரண்டு: ஒவ்வோரிடத்தும் பாங்குக்கு ஒரு பெயரும் உருபுக்கு ஒரு பெயரும் இடல் வேண்டும். வேற்றுமை மயங்கியலின் நெறி இதற்கு அரணாகும். குவ்வுருபுக்கு 'இதற்கு இது' என்பதனையே முதற்பொருளாக வைத்து, எல்லை, காலம் முதலியவற்றிற்கு மாற்றுச் சோதனையால் தேறும் சிலவற்றை மட்டும் சேர்த்தல் தகும்.

மூன்று: 'ஆதி' என்னும் பெயரில் ஒரு குறியைப் பட்டியலில் வைத்தல் நன்று. ஆனால் அது கழிவுக்கூடையாதல் கூடாது. அதன்கண் விழும் தொடர்களைத் தனியே தொகுத்து அவ்வப்போது ஆராய்ந்து, புதுப்பொருள் வேண்டுமாயின் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

நான்கு: ஒரே உரையை இருவர் தனித்தனியே குறியிட்டு ஒத்துப்பார்த்தல் வேண்டும். தற்செயலால் நேரும் ஒற்றுமையைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் முறையை 1960இல் யாக்கோபு கோகன் வகுத்துள்ளார். இருவர் ஒத்துக் காணவியலாத நுண்பொருள், எத்துணை அழகியதாயினும், பட்டியலில் இடம்பெறுதற்கு உரியதன்று.

அம்மாணவர் தம் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஆங்கிலப் பெயர்ப்புகளை அடித்துவிட்டு, எட்டுத் தொடர்களுக்கும் இரு பத்தி வரைந்து மீண்டும் குறியிட்டார். ஏழாம் தொடரில் அவருக்கும் எமக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மூட்டை என்பது அளவின் அலகு என்பதில் இருவரும் ஒத்துள்ளோம். அங்கே உருபு காட்டுவது தகவா, கூலியையும் மூட்டையையும் எதிரெதிர் நிறுத்தும் வெறும் 'இதற்கு இது'வா என்பதில் ஒத்திலோம். அறிஞர் ஆய்ந்து உரைப்பின் இருவரும் நன்றியுடன் ஏற்போம்.